17 பெட்டி, 9 மினிட்ஸ் புக், மண்ணுக்குள்ள போன புத்தகங்கள்: ஒரு யூத ஊர் சங்கத்தோட காகிதங்கள் பத்தின நிகழ்வு ஆய்வு

நியூயார்க்ல ஒரு சின்ன கம்யூனிட்டி ஆர்க்கைவ்ல நான் வேலை பாக்கிறேன். பழைய காகிதங்களைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, பட்டியல் போட்டு, தேடுறவங்க கைக்கு கிடைக்கிற மாதிரி ஆக்குறதுதான் வேலை. கீழ எழுதியிருக்கிறது ஒரே ஒரு தொகுப்போட கதை, தொலைபேசி வந்த நாள்ல இருந்து கை மாத்திவிட்ட நாள் வரைக்கும் சுமார் 14 மாசம். சங்கத்தோட பேரு, அவங்க சொந்த ஊர் பேரு, ஆளுங்க பேரு எதையும் எழுதல. நல்லா நடந்தது நிறைய இருக்கு, ஆனா திருத்தவே முடியாத ஒரு தப்பும் இதுல இருக்கு, அது என் கையால எழுதின ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் தாள்ல ஆரம்பிச்சது, அதுக்காகத்தான் முக்கியமா இதை எழுதுறேன்.

## பின்னணி

1881-ல இருந்து 1924-க்குள்ள கிழக்கு ஐரோப்பால இருந்து 20 லட்சத்துக்கும் மேல யூதர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தாங்க. ரஷ்யப் பேரரசுல நடந்த கலவரங்கள், வறுமை, பையன்களைப் பட்டாளத்துக்கு பிடிச்சுட்டு போறது, இப்படி காரணம் பல. 1924-ல வந்த குடியேற்றச் சட்டம் அந்தக் கதவை கிட்டத்தட்ட சாத்திருச்சு. வந்தவங்க ஒரே ஊர்க்காரங்களா சேர்ந்து சங்கம் வச்சாங்க, அவங்க பேசின யிட்டிஷ் மொழில லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்னு சொல்லுவாங்க, நம்ம ஆளுங்க மெட்ராஸ்லயும் பம்பாய்லயும் சொந்த ஊர் பேர்ல நலச்சங்கம் வச்ச மாதிரின்னு வச்சுக்கலாம், ஆனா இது அதைவிட வாழ்க்கையோட ஒட்டினது. வாரச் சந்தா கட்டினா உடம்பு சரியில்லாதப்ப பணம் வரும், தலைக்கு இவ்வளவுன்னு பேசி வச்ச சங்க டாக்டர் வந்து பாப்பாரு, வட்டியில்லாம கடன் கிடைக்கும், செத்தா புதைக்க இடம் கிடைக்கும். நியூயார்க்ல குவீன்ஸ் பக்கம் உள்ள யூதக் கல்லறைத் தோட்டங்களுக்குள்ள நடந்து போனா ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கல் வாசல், அதுல ஒரு ஊர் பேரும் சங்க நிர்வாகிகள் பேரும் செதுக்கியிருக்கும், இன்னிக்கும் பாக்கலாம்.

1938-ல அரசாங்கமே எழுத்தாளர்களுக்கு வேலை குடுத்து எடுத்த கணக்குல நியூயார்க் நகரத்துல மட்டும் இப்படி 2,400-க்கும் மேல சங்கம் இருந்துச்சு. அப்புறம் பிள்ளைங்க இங்கிலீஷ் பேசி வளந்து புறநகருக்கு போயிட்டாங்க, சங்கங்கள் ஒண்ணொண்ணா மூடுச்சு. பல சங்கங்கள் கலைஞ்சப்ப நியூயார்க் மாநில காப்பீட்டுத் துறையோட லிக்விடேஷன் பீரோ பொறுப்பு எடுத்துச்சு, அங்க இருந்து நிறைய ரெக்கார்ட்ஸ் யிவோங்கிற யூத ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆர்க்கைவுக்கு போய் தப்பிச்சுது. ஆனா முறையா கலையாம, கடைசி செயலாளர் வீட்டு பேஸ்மென்ட்ல தூங்கிட்டு இருக்கிற சங்கங்களும் உண்டு, அதுல ஒண்ணுதான் இது.

கடைசி செயலாளர் 91 வயசுல இறந்துட்டாரு. மகள் நியூஜெர்சில இருக்காங்க, குவீன்ஸ்ல இருக்கிற அப்பா வீட்டை விக்கணும், 6 வாரம்தான் டைம். மார்ச் மாசம் எங்களுக்கு போன் பண்ணாங்க. "எல்லாம் எனக்கு படிக்கத் தெரியாத எழுத்துல இருக்கு, குப்பைல போட மனசு வரல" இவ்வளவுதான் சொன்னாங்க.

## பேஸ்மென்ட்ல பாத்தது

17 அட்டைப்பெட்டி. அடியில இருந்த 3 பெட்டி எப்பவோ குழாய் ஒழுகினதுல நனைஞ்சு காஞ்சு அட்டை சரிஞ்சு இருந்துச்சு, மூடியைத் திறந்ததுமே பூஞ்சை வாசம். மேல இருந்ததுல தோல் பைண்டிங் போட்ட பெரிய லெட்ஜர்கள், தொட்டா செங்கல் பொடி மாதிரி கையில ஒட்டுச்சு, பழைய தோல் அப்படித்தான் மக்கும். ரப்பர் பேண்டெல்லாம் உருகி காகிதத்தோட ஒட்டிப்போய் இருந்துச்சு, ஸ்டேப்பிள் பின் துருப்பிடிச்சு சுத்தி பழுப்பு வளையம். சந்தா அட்டைகள், கல்லறை ப்ளாட் மேப் ஒண்ணு துணில ஒட்டினது, தலைவர் மேசைல தட்டுற சுத்தியல், பட்டுத்துணி பேனர், 1949-ல எடுத்த விருந்து போட்டோ ஒண்ணு (பாய் மாதிரி சுருட்டி வச்சிருந்தாங்க, விரிச்சா உடைஞ்சிரும்), ஆண்டுவிழா மலர்கள், உள்ள பூரா கசாப்புக் கடை, ஃபர் கோட்டு கடை விளம்பரம். 2 பெட்டி நிறைய ஹீப்ரு பிரார்த்தனைப் புத்தகங்கள். 2 பெட்டி நிறைய ரசீது.

மகளுக்கு அந்த பேனரும் சுத்தியலும்தான் பெருசா பட்டுச்சு, எங்க ரெண்டு வாலண்டியர்களுக்கும் அப்படித்தான், உண்மையைச் சொன்னா எனக்கும்தான். பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம்னு தோணுச்சு.

## இது யாரோடது

எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்கு பதில் வேணும். செயலாளர் வீட்டுல இருந்ததால அது அவர் குடும்பச் சொத்து ஆகிடாது, சங்கத்தோட சொத்து, சங்கமும் சட்டப்படி இன்னும் உயிரோட இருக்கு, கல்லறைத் தோட்டத்துல இன்னும் ஆள் புதைக்காத இடங்கள் அவங்க பேர்ல இருக்கு. உயிரோட இருந்த நிர்வாகிகள் 4 பேர், எல்லாரும் 80 தாண்டினவங்க. ஃப்ளோரிடால இருக்கிற முன்னாள் பொருளாளர் அம்மா எல்லாத்தையும் ஆர்க்கைவுக்கு குடுங்கன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. இன்னொருத்தர் நேர் எதிர். ஹீப்ரு எழுத்து இருக்கிறது எல்லாத்தையும் முறைப்படி புதைச்சிரணும், எங்க காலத்தோட முடியட்டும்னாரு.

அவர் சொன்னதுக்குப் பின்னாடி ஒரு பழைய வழக்கம் இருக்கு. கடவுள் பேரு எழுதின காகிதத்தை யூதர்கள் குப்பைல போட மாட்டாங்க, கெனிஸான்னு ஒரு இடத்துல சேத்து வச்சு அப்புறம் கல்லறைத் தோட்டத்துல மனுஷனைப் புதைக்கிற மாதிரியே புதைப்பாங்க. கெய்ரோல ஒரு ஜெபாலயத்துல அப்படி சேத்து வச்சது புதைக்கப்படாமலே நூத்துக்கணக்கான வருஷம் கிடந்து, 1896-97-ல சாலமன் ஷெக்டர்னு ஒரு அறிஞர் அதுல சுமார் 1,90,000 துண்டுகளை கேம்பிரிட்ஜுக்கு கொண்டு போனாரு. அதுல வேதப் பிரதிகளோட கல்யாண ஒப்பந்தம், கடன் பத்திரம், மங்களூர்ல உக்காந்து மிளகு யாவாரம் பண்ண ஆபிரகாம் பென் யிஜூ மாதிரி ஆளுங்களோட கடுதாசி எல்லாம் வந்துச்சு, 12-ஆம் நூற்றாண்டுல மலபார் கரையோட வியாபாரம் எப்படி நடந்துச்சுன்னு இன்னிக்கு தெரியிறதுக்கு அந்தக் காகிதங்கள் பெரிய காரணம். இதை நான் அந்தப் பெரியவர்கிட்ட சொன்னேன், அவர் பொறுமையா கேட்டுட்டு "அது சரி, ஆனா அவங்க யாரும் அனுமதி கேக்கலையே"ன்னாரு. அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, இன்னும் எனக்கு அதுக்கு முழு பதில் இல்ல.

ஒரு ரபியை, அதாவது யூத மத குருவை, கூப்பிட்டு பேசினோம். மினிட்ஸ் புக் (சங்கக் கூட்டத்துல நடந்ததை எழுதி வைக்கிற நோட்டு), கடிதம், கணக்கு இதெல்லாம் புதைக்கணும்னு கட்டாயம் இல்ல, பிரார்த்தனைப் புத்தகங்கள் கிழிஞ்சு பயன்படாம போனதுன்னா புதைக்கலாம்னு சொன்னாரு. கடைசில 4 பேரும் கையெழுத்து போட்டாங்க: காகிதங்கள் ஆர்க்கைவுக்கு, பிரார்த்தனைப் புத்தகங்கள்ல கையால எழுதினது இருந்தா அதுவும் ஆர்க்கைவுக்கு, மிச்சம் சங்கத்தோட சொந்த கல்லறைப் பகுதியில புதைக்கிறது. கல்லறை மேப்போட நகல் ஒண்ணு அவங்க கையிலயே இருக்கணும்னும் முடிவாச்சு, ஏன்னா அது இன்னும் நடப்புல இருக்கிற காகிதம்.

## முதல் ரெண்டு மாச முடிவுகள்

நனைஞ்ச 3 பெட்டியைத் தனியா வேற ரூம்ல வச்சோம், பூஞ்சை உயிரோட இருந்தா மத்ததுக்கும் பரவிரும். நல்லா காய வச்சு, மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷாலயும் ஹெப்பா ஃபில்டர் வாக்குவத்தாலயும் ஒவ்வொரு தாளா எடுத்தோம், 5 வாரம் ஆச்சு. துருப்பிடிச்ச பின் எடுக்கிறது, அமிலம் இல்லாத ஃபோல்டர்ல மாத்துறது, லெட்ஜருக்கு துணி நாடா கட்டுறது, இதெல்லாம் வழக்கமான வேலை, விவரிக்கல. கடிதங்களை உறையோடயே வச்சோம், தபால் முத்திரையும் அனுப்பினவங்க விலாசமும் உறையில மட்டும்தான் இருக்கும்.

நோய் உதவி கமிட்டி புத்தகங்கள் பத்தி ரொம்ப நேரம் பேசினோம். யாருக்கு காசநோய் வந்துச்சு, யாரை டென்வர்ல இருக்கிற சானடோரியத்துக்கு அனுப்பினாங்க, எந்தப் புருஷன் குடும்பத்தை விட்டுட்டு போயிட்டதால அந்த மனைவி உதவி கேட்டு வந்தாங்க, எல்லாம் பேரோட இருக்கு. அந்தக் காலத்துல ஓடிப்போன கணவர்களோட போட்டோவை யிட்டிஷ் நாளிதழ் ஃபார்வர்ட்ஸ் வரிசையா போட்டு தேடுச்சு, அவ்வளவு பெரிய பிரச்சனை அது. மகளுக்கு அதுல ஒரு பக்கம் சங்கடமா இருந்துச்சு, எடுத்துரலாமான்னு கேட்டாங்க. எடுக்கல. 75 வருஷம் ஆனதை ஆராய்ச்சிக்கு நேர்ல வந்து பாக்க விடுறது, ஆன்லைன்ல போடுறதில்லன்னு முடிவு பண்ணோம், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

ரசீதுகள்: எங்க வேலைல ஒரு பொதுவான விதி உண்டு. மெயின் லெட்ஜர் இருந்தா அதுக்கான சில்லறை ரசீது, பழைய செக் எல்லாம் வச்சுக்க வேண்டியதில்ல, அதே தகவல்தான், இடம் வீண். பட்டியலைப் பாத்தேன், லெட்ஜர் இருக்கு. 2 பெட்டிக்கும் கழிவுன்னு மஞ்சள் துண்டு ஒட்டினேன். நல்லவேளை அன்னிக்கே எடுத்துப் போடல.

யிட்டிஷ் படிக்கிறவங்களைத் தேடினது இந்தக் கட்டத்துக்கு அப்புறம்தான். முதல்ல வரிசைப்படுத்துவோம், அப்புறம் படிக்கிறவங்களைக் கூப்பிட்டு எது என்னன்னு கேப்போம், வயசானவங்க நேரத்தை வீணாக்கக் கூடாதுன்னு நினைச்சேன். இந்த முடிவுதான் பின்னாடி வந்த எல்லாத்துக்கும் வேர்.

## பிரார்த்தனைப் புத்தகங்கள்

மே மாசம், வீட்டுச் சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி வாரம். கல்லறைத் தோட்டத்துல நாள் குறிச்சாச்சு. 60-க்கும் மேல புத்தகம், ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து இருக்கான்னு பாத்து பிரிக்கணும். வாலண்டியர்கள் ரெண்டு பேரும் ரொம்ப அக்கறையானவங்க, ரெண்டு பேருக்கும் ஹீப்ரு எழுத்து தெரியாது. நான் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன்: முன் அட்டையைத் திறந்து உள் அட்டையும் முதல் ரெண்டு தாளும் பாருங்க, கையால எழுதினது எதாவது இருந்தா தனியா வைங்க, அப்புறம் புத்தகத்தை ஒருதடவை விரலால ஓட்டி நடுவுல தாள் எதாவது செருகியிருக்கான்னு பாருங்க.

அன்னிக்கு எனக்கு வேற மீட்டிங், நான் இல்ல. 8 புத்தகம் தனியா வந்துச்சு. மிச்சத்தை துணிப்பைல கட்டி, ரபியும் நிர்வாகிகள்ல ரெண்டு பேரும் மகளும் நின்னு, சங்கத்தோட கல் வாசல் பக்கத்துலயே புதைச்சாங்க. மழை தூறல். புதைக்கச் சொன்ன அந்தப் பெரியவர் மண் அள்ளிப் போட்டாரு, முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சுன்னு மகள் சொன்னாங்க.

## ஸ்கேன் பண்ணப்ப தெரிஞ்சது

ஜூலைல யிட்டிஷ் தெரிஞ்ச ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் கிடைச்சாங்க, பிராங்க்ஸ்ல இருந்து பஸ்ஸு மாறி வாரம் ரெண்டு நாள் வருவாங்க, 80-க்கு மேல வயசு, லூப்னு சொல்ற பூதக்கண்ணாடியை எடுத்துட்டு உக்காந்தா மதியம் சாப்பாட்டுக்கு கூப்பிட்டாத்தான் எழுந்திரிப்பாங்க. அதுக்குள்ள 9 மினிட்ஸ் புக்ல 3 ஸ்கேன் முடிஞ்சிருந்துச்சு. முதல் ஃபைலைத் திறந்து பாத்துட்டு, "ஏன் சங்கம் கலைஞ்சு அப்புறம் ஆரம்பிக்குது?"ன்னு கேட்டாங்க.

யிட்டிஷ் ஹீப்ரு எழுத்துல எழுதுறது, வலமிருந்து இடம். புத்தகமும் வலப்பக்கம்தான் திறக்கும், நமக்கு பின் அட்டைன்னு தோணுறதுதான் அவங்களுக்கு முன் அட்டை. இது எனக்குத் தெரியாதான்னா தெரியும், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா தெரிஞ்சிருக்கிறது வேற, வேலை பண்ற கைக்கு அது போய்ச் சேர்றது வேற. ஸ்கேன் பண்ணவங்க பழக்கத்துல இடப்பக்கம் திறந்து ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுட்டே போயிருக்காங்க, 1,100-க்கும் மேல படம். ரெண்டு புத்தகத்தை கம்ப்யூட்டர்ல வரிசை திருப்பி சரி பண்ணிரலாம், ஆனா மூணாவதுல ஒரு சிக்கல் இருந்துச்சு, அது ரெண்டு புத்தகம். வலப்பக்கம் இருந்து 1913-ல ஆரம்பிச்ச யிட்டிஷ் மினிட்ஸ், பாதியில நிக்குது, காகிதம் வீணாக்கக் கூடாதுன்னு வேற ஒருத்தர் 1931-ல இடப்பக்கம் இருந்து இங்கிலீஷ்ல சந்தா கணக்கு எழுதியிருக்காரு, நடுவுல 12 வெத்துத் தாள்ல ரெண்டும் சந்திக்குது. மொத்தமா திருப்பினா கணக்கு தலைகீழா போகும். ஒரே புத்தகத்துக்கு ரெண்டு முதல் பக்கம்னு பட்டியல்ல எழுத ஃபார்ம்ல இடமே இல்ல, குறிப்பு எழுதி சமாளிச்சோம்.

தேதியும் தப்பா இருந்துச்சு. யூத வருஷத்துல 3760 கழிச்சா நம்ம வருஷம் வரும்னு ஒரு சுலபக் கணக்கு சொல்லுவாங்க, அதை வச்சு 5681-ஐ எல்லாம் 1921-ன்னு போட்டு வச்சிருந்தோம். ஆனா அவங்க புத்தாண்டு செப்டம்பர் வாக்குல வரும், 5681 பிறந்தது 1920 செப்டம்பர்ல, அந்த வருஷத்தோட முதல் 3, 4 மாசம் 1920-ல வரணும். குளிர்காலக் கூட்டங்கள் பாதி ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்துச்சு. ஊர் பேரும் அப்படித்தான். லெம்பெர்க், லுவுஃப், லிவிவ் மூணும் ஒரே ஊரு, எந்த அரசாங்கம் ஆண்டுச்சோ அந்த உச்சரிப்பு. எங்க சங்கத்து ஊருக்கும் யிட்டிஷ், போலிஷ், ரஷ்யன்னு மூணு பேரு, இன்னிக்கு மேப்ல வேற ஸ்பெல்லிங், நாங்க அதை ரெண்டு ஊர்னு நினைச்சு ரெண்டு ஃபோல்டர் போட்டிருந்தோம்.

இதெல்லாம் திருத்தக்கூடிய தப்பு. மூணு வாரம் உக்காந்து திருத்தினோம். மூணாவது வாரம் ஒரு சாயந்திரம், ஸ்கேன் ஃபைலைத் திருப்பிட்டு இருக்கிறப்பதான் அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் தாள் ஞாபகம் வந்துச்சு. "முன் அட்டையைத் திறந்து."

வாலண்டியர் ஒருத்தருக்கு போன் பண்ணி எந்தப் பக்கம் திறந்தீங்கன்னு கேட்டேன். இடப்பக்கம். ரெண்டு பேரும். போய் அந்த 8 புத்தகத்தையும் எடுத்து வலப்பக்கம் திறந்து பாத்தேன், 5-ல அந்தப் பக்கமும் எழுதியிருந்துச்சு, பேரும் தேதியும். அப்போ புதைச்ச 50-க்கும் மேல புத்தகத்துல எத்தனைல இருந்திருக்கும்?

## ரசீதுப் பெட்டி

இது அதே மாசம். டீச்சர் டீ குடிச்சிட்டு ரூம்ல நடக்கிறப்ப மஞ்சள் துண்டு ஒட்டின பெட்டியைத் திறந்து ஒரு கட்டு எடுத்துப் பாத்தாங்க. இது ஏன் கழிவுன்னு கேட்டாங்க. லெட்ஜர் இருக்குன்னு சொன்னேன். அவங்க உக்காந்து ஒரு கதை சொன்னாங்க, கோவமா இல்ல. யிவோ 1925-ல வில்னால (இன்னிக்கு லிதுவேனியால இருக்கிற வில்னியஸ்) ஆரம்பிச்சது, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க அந்த ஊரைப் பிடிச்சதுக்கு அப்புறம் அங்க இருந்த யூத எழுத்தாளர்களையும் அறிஞர்களையுமே உக்கார வச்சு, எதை ஜெர்மனிக்கு அனுப்பணும் எதைக் காகித மில்லுக்கு அனுப்பணும்னு ரெண்டு குவியலா பிரிக்கச் சொன்னாங்க, அவங்க உயிரைப் பணயம் வச்சு துணிக்குள்ள காகிதத்தை ஒளிச்சு, யூதர்களை அடைச்சு வச்சிருந்த கெட்டோவுக்குள்ள கொண்டு வந்து புதைச்சு வச்சாங்க, சுட்ஸ்கேவர்னு பெரிய கவிஞர் அதுல ஒருத்தர். "ரெண்டு குவியல்னு கேட்டாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும், வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு கட்டைப் பிரிச்சாங்க.

மேல ஒரு இஞ்ச் அளவுக்கு நிஜமாவே கரண்ட் பில்லும் ஹால் வாடகை ரசீதும்தான். அதுக்குக் கீழ ஒரே மாதிரி அச்சடிச்ச அட்டைகள், 200-க்கு மேல. கேர்ங்கிற அமெரிக்க உதவி அமைப்பு ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஐரோப்பாவுக்கு அனுப்பின உணவுப் பார்சல்களோட அட்டை. 10 டாலர் கட்டினா பார்சல் போகும், வாங்கினவங்க கையெழுத்து போட்ட அட்டை பணம் கட்டினவங்களுக்கு திரும்பி வரும். சங்கம் தன்னோட ஊர்ல நாஜி படுகொலையில இருந்து பொழைச்சவங்களைத் தேடித் தேடி அனுப்பியிருக்கு, சிலது ஜெர்மனில இருந்த அகதி முகாம் விலாசத்துக்கு. லெட்ஜர்ல இருக்கிறது "பார்சல், 10 டாலர்" அவ்வளவுதான், பேரு கிடையாது. 1946-47-ல யாரு உயிரோட இருந்தாங்க, எங்க இருந்தாங்க, தன் பேரை எந்த எழுத்துல எழுதினாங்கங்கிறது இந்த அட்டையில மட்டும்தான் இருக்கு. நான் மஞ்சள் துண்டை எடுத்துட்டேன். கை நடுங்குச்சு.

அதுல ஒரு அட்டை தனியா சொல்லணும். 1946-ல சங்கம் நடத்தின நினைவுக் கூட்டத்துக்கு ஊர்ல கொல்லப்பட்டவங்க பட்டியல் ஒண்ணு அச்சடிச்சிருந்தாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒரு பெண்ணோட பேர்ல 1947 கடைசில கையெழுத்து போட்ட பார்சல் அட்டை இருக்கு. எங்க வாலண்டியர் சந்தோஷத்துல பட்டியல் தப்பு, இவங்க பொழைச்சுட்டாங்கன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. டீச்சர் நிறுத்தினாங்க. கிழக்கு ஐரோப்பா யூதர்கள்ல செத்துப்போன தாத்தா பாட்டி பேரைத்தான் குழந்தைக்கு வைப்பாங்க, அதனால பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க நாலு பேருக்கு ஒரே பேரு, ஒரே குடும்பப் பேரு இருக்கும். பேரன்னு நம்ம சொல்றதே பாட்டன் பேரைச் சுமக்கிறவன்னுதானே, எனக்கு அது சட்டுனு புரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரா, ரெண்டு பேரான்னு சொல்ல முடியாது. ரெண்டு காகிதத்தையும் ஒண்ணுக்கொண்ணு குறிப்பு போட்டு அப்படியே வச்சோம், எதையும் திருத்தல.

## என்ன ஆச்சு

அடுத்த வருஷம் மே மாசம் வேலை முடிஞ்சுது. 26 ஆர்க்கைவ் பெட்டி, மினிட்ஸ் புக் 9-ம் சரியான திசையில, கல்லறை மேப் தட்டையா, பட்டியல் மூணு ஊர் பேர்லயும் தேடுற மாதிரி. எங்க கட்டடத்துல ஈரப்பதம் வருஷம் பூரா ஒரே அளவா வச்சிருக்க வசதி கிடையாது, அதனால ஒரிஜினலை மன்ஹாட்டன்ல ஒரு பெரிய ஆராய்ச்சி ஆர்க்கைவுக்கு குடுத்துட்டு டிஜிட்டல் நகலை நாங்க வச்சுக்கிட்டோம். 1949 விருந்து போட்டோவை ஈரப்பதம் குடுத்து மெல்ல விரிச்சு, வீடியோ கால்ல ஃப்ளோரிடா அம்மாகிட்ட காட்டி, மேல ட்ரேஸிங் தாள் வச்சு தலைக்கு தலை நம்பர் போட்டு பேரு எழுதினோம். 140 பேருக்கு மேல இருக்காங்க, 31 பேரைச் சொன்னாங்க. மிச்சத்தை அடுத்த வாரம்னு வச்சோம், அவங்களுக்கு உடம்பு முடியாம போயிருச்சு, அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

புத்தகங்களைத் தோண்டி எடுக்கலாமான்னு ரபிகிட்டயும் நிர்வாகிகள்கிட்டயும் பேசினோம். அதுக்குள்ள 3 மாசம், மழை, வெறும் துணிப்பை. எழுத்து மிஞ்சியிருக்க வாய்ப்பு கம்மி, புதைச்சதைத் தோண்டுறது அந்தப் பெரியவருக்கு பெரிய காயம். தோண்டல. அது சரியான முடிவுன்னுதான் இன்னும் நினைக்கிறேன்.

## இப்ப செஞ்சா மாத்துறது

மொழி படிக்கத் தெரிஞ்சவங்க முதல் பெட்டி திறக்கிறப்பவே ரூம்ல இருக்கணும், வரிசைப்படுத்தினதுக்கு அப்புறம் இல்ல. பஸ்ஸுல வர முடியாதுன்னா வீடியோ கால்ல, அதுவும் முடியாதுன்னா பெட்டி ஒரு மாசம் காத்திருக்கட்டும். இன்ஸ்ட்ரக்‌ஷன் தாள்ல இப்ப முன் அட்டை, பின் அட்டைங்கிற வார்த்தையே கிடையாது, வலப்பக்க அட்டை, இடப்பக்க அட்டை ரெண்டையும் திறந்து போட்டோ எடுங்கன்னு இருக்கு. மண்ணுக்குள்ளயோ மில்லுக்கோ போற எதுவும் போறதுக்கு முன்னாடி ரெண்டு அட்டையும் படம் எடுத்தாகணும், ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிஷம், அன்னிக்கு எங்களுக்கு மொத்தமே ஒரு மணி நேரம் சொச்சம்தான் ஆகியிருக்கும். ரசீது விதியை இன்னும் வச்சிருக்கோம், ஆனா பெட்டியோட அடிவரைக்கும் கை விட்டுப் பாக்காம துண்டு ஒட்டுறதில்ல. வயசானவங்களை வச்சு பேரு கேக்கிற வேலை காகித வேலைக்கு முன்னாடி, பூஞ்சைக்கும் முன்னாடி.

மகள்கிட்ட சொல்றதுக்கு எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. நேர்ல போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், பாட்டியோட பிரார்த்தனைப் புத்தகத்துல அப்பாதான், குடும்பத்துல செத்தவங்க எல்லாரோட யார்ட்ஸைட்டும் எழுதி வச்சிருந்தாருன்னாங்க, நம்ம திதி மாதிரி, அவங்க மாசக் கணக்குல வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏத்துற நாள். அந்த 8-ல அது இல்ல. அப்பா ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் வர்றப்ப என்ன சீசன், ஸ்கூல் இருந்துச்சா, பனி பெஞ்சுச்சான்னு மகளுக்கு ஞாபகம் இருந்ததை வச்சு அன்னிக்கு சாயந்திரம் ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தாள்ல எழுதினோம். 11 பேர்ல 4 பேருக்கு மாசம் கிடைச்சுது, ஒருத்தருக்கு நாளும் கிடைச்சுது, பாட்டிக்கு. அந்தத் தாளும் இப்ப தொகுப்புல இருக்கு, 26-ஆவது பெட்டி, கடைசி ஃபோல்டர்.